கஷ்ட காலத்தில் ஆண்டவரை நம்புவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போனவர், பிள்ளையின் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் தாய், கடன் கொடுத்தவரின் போனை எடுக்கப் பயப்படுகிறவர். ஜெபக்கூட்டம் முடிந்து மற்றவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் இப்படிப்பட்டவர்கள் மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்கிற கேள்விகள் இவை. வேதத்தை வைத்துக்கொண்டு என்னால் முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். வசனங்கள் நம் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி இருக்கின்றன.

"ஏன் ஆண்டவரே?" என்று கேட்பது விசுவாசக் குறைவா?

இல்லை. சங்கீதங்கள் 150. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு வசனங்கள் முடிவதற்குள் அந்த "எதுவரைக்கும்" நான்கு முறை வந்துவிடுகிறது. தலைப்பில் "இராகத்தலைவனுக்கு" என்று இருக்கிறது. அதாவது தாவீது இதை யாருக்கும் தெரியாமல் எழுதி ஒளித்துவைக்கவில்லை. ஆராதனையில் பாடுவதற்காகவே கொடுத்தார். ஜனங்கள் கூடி நின்று "என்னை மறந்துவிட்டீரே" என்று ஆண்டவர் முகத்துக்கு நேராகப் பாடியிருக்கிறார்கள்.

88ஆம் சங்கீதம் இன்னும் கடினமானது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. நண்பர்கள் விலகிப்போனார்கள், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடும். இதையும் சேர்த்துத்தான் பரிசுத்த வேதாகமம் என்கிறோம். எந்த வெளிச்சமும் தெரியாமல் ஜெபத்தை முடிப்பவருக்கும் அதில் இடம் இருக்கிறது.

அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). குழந்தை இல்லை. வீட்டில் இன்னொரு மனைவி குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறாள். சீலோவுக்குப் போய் அழுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் சொன்ன பதில்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." அப்புறம் போய்ச் சாப்பிட்டாள், அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று 18ஆம் வசனம் சொல்கிறது. அப்போது சாமுவேல் கருவில்கூட இல்லை. எந்தப் பதிலும் கையில் வராமலேயே அவள் எழுந்து சாப்பிட்டாள்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலர் முறுமுறுத்ததை ஆண்டவர் கண்டித்தாரே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். அவர்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு, ஆண்டவர் நம்மைப் பகைக்கிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள் (உபாகமம் 1:27). அன்னாளும் தாவீதும் அவரிடமே போய்ப் பேசினார்கள். சிலுவையில் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறியபோதும் "என் தேவனே, என் தேவனே" என்று அவரைக் கூப்பிட்டுத்தான் கேட்டார்.

நான் செய்த பாவத்தால்தான் இந்தக் கஷ்டம் வந்ததா?

இந்தக் கேள்வியை யாராவது உங்கள் தலையில் போட்டிருந்தால், முதலில் யோவான் 9ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்றார் இயேசு. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்துப்போன செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபின் நண்பர்கள் பக்கம் பக்கமாக இதே குற்றச்சாட்டைப் பேசினார்கள். கடைசியில் ஆண்டவர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான்.

சில கஷ்டங்கள் நாமே வரவழைத்தவை என்பதையும் மறைக்க வேண்டாம். சூதாட்டச் செயலியில் பணம் போனது, குடியால் வேலை போனது என்றால் காரணம் நமக்கே தெரியும். அங்கேயும் கதவு மூடியில்லை. பத்சேபாளோடு விபசாரம் செய்த பிறகு தாவீது ஜெபித்த 51ஆம் சங்கீதம் அப்படிப்பட்டவர்களுக்கானதுதான். ஆனால் உங்களுக்குக் கேன்சர் வந்ததற்கு எந்தப் பாவம் காரணம் என்று தேடித் தேடி உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள். அப்படித் தேடச் சொல்லி ஆண்டவர் கேட்கவில்லை.

நம்புகிறேன் என்றால் ஒன்றும் செய்யாமல் காத்திருக்க வேண்டுமா?

இதற்கு எசேக்கியா ராஜாவின் கதையை முழுவதும் சொன்னால்தான் சரியாக இருக்கும். 2 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களிலும் 2 நாளாகமம் 32இலும் இருக்கிறது.

கி.மு. 701. அசீரியாவின் சனகெரிப் யூதாவுக்குள் வந்து அரணான பட்டணங்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கிறான். 46 பட்டணங்களைப் பிடித்ததாக அவனுடைய சொந்தக் கல்வெட்டே சொல்கிறது. எசேக்கியா முதலில் செய்தது என்ன தெரியுமா? பணம் கொடுத்தார். 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். ஆலயத்துக் கதவுகளில் இருந்த பொன் தகட்டைக்கூட உரித்துக் கொடுத்தார். சனகெரிப் அதை வாங்கிக்கொண்டு படையையும் அனுப்பினான். அந்தப் படையோடு வந்த ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்று, உள்ளே இருப்பவர்களுக்குப் புரியும் யூத பாஷையிலேயே சத்தம்போட்டான்: "நீ நம்பியிருக்கிற இந்த நம்பிக்கை என்ன?"

பிறகு சனகெரிப்பிடமிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. எசேக்கியா அதை வாங்கி வாசித்தார். ஆலயத்துக்குப் போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்துவைத்தார். எனக்கு வேதத்தில் மிகவும் பிடித்த ஜெபங்களில் இது ஒன்று. வக்கீல் நோட்டீஸ், பேங்க் நோட்டீஸ், மருத்துவ ரிப்போர்ட் எதுவானாலும், வந்த காகிதத்தை அப்படியே கொண்டுபோய் ஆண்டவர் முன் விரிக்கலாம். அலங்காரமான வார்த்தை வேண்டாம். "இவன் எழுதியிருப்பதைப் பாரும்" என்பதுதான் அவர் ஜெபத்தின் சாரமே.

இதே எசேக்கியாதான் பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊற்றுகளை அடைத்து, இடிந்த மதிலைக் கட்டி, கேடயங்களைச் செய்துவைத்தவர். கீகோன் ஊற்றின் தண்ணீரை நகரத்துக்குள் திருப்ப அவர் பாறைக்குள் வெட்டிய சுரங்கம் இன்றும் எருசலேமில் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 533 மீட்டர். இரண்டு முனைகளிலிருந்தும் ஆட்கள் வெட்டிக்கொண்டே வந்து, எதிர்ப்பக்கம் கேட்ட குரலை நோக்கிச் சேர்ந்ததைச் சொல்லும் கல்வெட்டு 1880இல் அதற்குள்ளேயே கிடைத்தது. சனகெரிப் வருவான் என்று தெரிந்ததும் உளி எடுத்தவர்களும், அவன் கடிதம் வந்ததும் முழங்காலில் நின்றவரும் ஒரே ஊர்க்காரர்கள்.

ஆனாலும் ஏசாயா 22:11ஐ விட்டுவிடக் கூடாது. குளம் வெட்டினீர்கள், மதில் பார்த்தீர்கள், அதையெல்லாம் நெடுங்காலத்துக்கு முன்பே நியமித்தவரை நீங்கள் நோக்கவில்லை என்று அங்கே தீர்க்கதரிசி கண்டிக்கிறார். தண்ணீர் சேர்த்ததில் தவறில்லை. அதுவே போதும் என்று இருந்துவிட்டதில்தான் குறை.

கடைசியில் எருசலேம் தப்பியது. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் அடைத்துவைத்தேன் என்று பெருமை பேசும் சனகெரிப்பின் கல்வெட்டு, நகரத்தைப் பிடித்தேன் என்று எங்கும் சொல்லவில்லை.

நெகேமியா 4:9ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவனை நோக்கி ஜெபம்பண்ணினோம், இரவும் பகலும் காவல் வைத்தோம். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. ஆகவே வேலை தேடுகிறவர் ஜெபித்துவிட்டு விண்ணப்பத்தையும் அனுப்பட்டும். கடனில் இருப்பவர் ஜெபித்துவிட்டுப் பேங்குக்குப் போய்த் தவணையை மாற்றித் தரக் கேட்கட்டும்.

மாத்திரை சாப்பிட்டால், டாக்டரிடம் போனால் விசுவாசம் இல்லை என்று சொல்கிறார்களே?

தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். எசேக்கியாவுக்குச் சாகும் வியாதி வந்தபோது, 15 வருஷம் கூட்டித் தருகிறேன் என்று ஆண்டவர் வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார். அந்தக் காலத்து மருந்து அதுதான். பவுலின் கூடவே பயணம் செய்த லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்று கொலோசெயர் 4:14 அழைக்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் பவுல் கைவைத்தியம்தான் சொன்னார்.

ஆசா ராஜாவைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. 2 நாளாகமம் 16:12 அவர் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களை மட்டுமே தேடியதைச் சொல்கிறது. வைத்தியரிடம் போனவர்கள் எல்லாரையும் அது குற்றப்படுத்தவில்லை. சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை விடச் சொல்கிறவர், மனநல மாத்திரையைக் குப்பையில் போடச் சொல்கிறவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் அந்தச் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டாம்.

ஜெபித்தோம், உபவாசித்தோம். ஆனாலும் நடக்கவில்லை. எங்கே தவறினோம்?

நீங்கள் தவறியதாக நான் நினைக்கவில்லை. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோபைப் பட்டயத்தால் கொன்றான். அடுத்து பேதுருவைப் பிடித்தான். பேதுருவைத் தூதன் வந்து வெளியே கொண்டுபோனான். ஒரே அதிகாரம், ஒரே சபை. யாக்கோபுக்கு விசுவாசம் குறைவு என்றோ, அவருடைய வீட்டார் சரியாக ஜெபிக்கவில்லை என்றோ லூக்கா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எபிரெயர் 11உம் அப்படித்தான். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள் பட்டியலின் தொடர்ச்சியாகவே, அதே விசுவாசத்தோடு கல்லெறியுண்டவர்களும் வாளால் அறுப்புண்டவர்களும் வருகிறார்கள்.

பவுல் தன் மாம்சத்திலுள்ள முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12:9). முள் எடுக்கப்பட்டதாக எங்கும் இல்லை.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளைக் காப்பாற்றி வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறைக்குள்ளேயே இருந்தார். அவருக்காக ஜெபித்தவர்கள் கொஞ்சமா? அவரே ஆயிரக்கணக்கானவர்களை ஜெபிக்கத் தூண்டியவர். குணம் வரவில்லை. படுக்கையில் இருந்தபடியே எழுதினார், பிள்ளைகளை விசாரித்தார், கடைசிவரை ஜெபித்தார். அந்த இருபது வருஷமும் அவரை ஆண்டவர் விட்டுவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பாபிலோனில் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று வாலிபர்கள் சூளைக்கு முன் நின்று பேசியதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்றார்கள். உடனே, "விடுவிக்காமற்போனாலும்" என்றார்கள் (தானியேல் 3:18). நெருப்புக்குள் நாலாவது ஆள் ஒருவர் வருவார் என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது.

இழந்தவர்களுக்கு இந்தப் பதில் போதாது என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அப்போஸ்தலர் 12ஐ விளக்க யாரும் அவசரப்பட வேண்டாம். லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு, அவனை எழுப்பப் போகிறார் என்று தெரிந்திருந்தும், முதலில் அழுதார்.

"தாங்க முடியாத கஷ்டத்தை ஆண்டவர் தரமாட்டார்" என்று வேதம் சொல்கிறதா?

உங்கள் திராணிக்கு மேலாகச் சோதிக்கப்பட தேவன் இடங்கொடார் என்ற 1 கொரிந்தியர் 10:13ஐ வைத்து இப்படிச் சொல்கிறார்கள். அந்த அதிகாரம் விக்கிரகாராதனைக்கும் வேசித்தனத்துக்கும் விழுந்துவிடாதிருக்கும்படி எச்சரிக்கிற இடம். துன்பத்தைப் பற்றி அதே பவுல் எழுதியதை 2 கொரிந்தியர் 1:8இல் பாருங்கள். ஆசியாவில் எங்கள் பலத்துக்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போனது என்கிறார். ஆகவே "என்னால் தாங்க முடியவில்லை" என்று நீங்கள் சொன்னால், பவுல் சொன்னதைத்தான் சொல்கிறீர்கள்.

புத்தாண்டு ஆராதனையில் கிடைத்த வாக்குத்தத்த வசனம் நிறைவேறவில்லையே?

எரேமியா 29:11 கிடைக்காத சபையே இருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும் நினைவுகள் என்று அட்டையில் அழகாக அச்சிட்டுத் தருவார்கள். அருமையான வசனம். ஆனால் அது பாபிலோனுக்குக் கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலேயே இறந்திருப்பார்கள். அந்த 70 வருஷத்துக்கு என்ன செய்யச் சொல்கிறார்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். முழு அதிகாரத்தையும் வாசியுங்கள், அந்த வசனம் இன்னும் பலமாக நிற்கும்.

பொருத்தனை (நேர்ச்சை) செய்தால், பெரிய காணிக்கை அனுப்பினால் சீக்கிரம் பதில் வருமா?

நன்றியோடு பொருத்தனை செய்வது வேதத்தில் இருக்கிறது. அன்னாளே செய்தாள். யெப்தா யோசிக்காமல் செய்து தன் மகளையே இழந்ததும் இருக்கிறது (நியாயாதிபதிகள் 11). ஆகவே அவசரப்பட்டு வாய் விடாதீர்கள்.

காணிக்கை அனுப்பினால்தான் ஜெபிப்பேன், இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும் என்று யாராவது சொன்னால், விலகிவிடுங்கள். சீரியப் படைத்தலைவன் நாகமான் குஷ்டம் நீங்கிக் காணிக்கை நீட்டியபோது தீர்க்கதரிசி எலிசா எதையும் வாங்கவில்லை. பின்னாலேயே ஓடிப்போய்ப் பொய் சொல்லி வாங்கிய அவருடைய வேலைக்காரன் கேயாசிக்கு என்ன நடந்தது என்று 2 இராஜாக்கள் 5இல் இருக்கிறது. நகையை அடகு வைத்து அனுப்பச் சொல்கிற ஜெபம் ஆண்டவருக்கு வேண்டாம்.

இன்னும் பயமாகவே இருக்கிறது. அப்படியானால் நான் நம்பவில்லையா?

"நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). பயமும் நம்பிக்கையும் ஒரே நாளில் இருக்கின்றன. யோசபாத் ராஜா பயந்துதான் உபவாசம் கூறினார். சபை நடுவில் நின்று, செய்ய வேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது என்று ஜெபித்தார் (2 நாளாகமம் 20:12). ஒரு ராஜா ஜனங்கள் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது சின்ன விஷயமா?

உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை. இதை ஆண்டவரிடம் சொல்லலாமா?

சொல்லலாம். எலியா சொன்னார். கர்மேலில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பினான். சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்லி, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்றான். அதற்கு அப்புறம்தான் ஓரேப் மலையும் மெல்லிய சத்தமும். தனியாக இருக்கிறேன் என்று புலம்பியவருக்கு எலிசாவை ஆண்டவர் துணையாகவும் கொடுத்தார்.

நீங்கள் இந்த இடத்தில் இருந்தால், ஆண்டவரிடம் சொல்லுங்கள், இன்றைக்கே ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். வீட்டில் ஒருவர், போதகர், டாக்டர், யாராக இருந்தாலும் சரி. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் காசில்லாமல் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். தனியாக இருக்காதீர்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வரவில்லை.

பேதுரு தண்ணீரில் மூழ்கும்போது ஜெபித்தது "ஆண்டவரே, என்னை இரட்சியும்". அவ்வளவுதான். வலிப்பு நோயில் விழும் மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் அழுதான், மகன் சுகமானான். அதுவும் வராவிட்டால், வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்கிறது.

கஷ்டத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறோம். என்ன சொல்வது?

யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். வாயைத் திறக்காதவரை அவர்கள் நல்ல நண்பர்கள்தான். அதைப் பின்பற்றுங்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். ரோமர் 8:28 உண்மை, அதை அழுகிறவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று அதே நிருபத்தின் 12ஆம் அதிகாரம் சொல்கிறது, நமக்கு அந்த வேலைதான்.

யுத்தம் நடக்கும்போது உயர்த்திப் பிடித்திருந்த மோசேயின் கைகள் அசந்துபோனபோது ஆரோனும் ஊர் என்பவரும் கல்லை எடுத்துப் போட்டு அவரை உட்காரவைத்து, இருபுறமும் கைகளைத் தாங்கினார்கள். நம் காலத்தில் அது ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி துணைக்குத் தங்குவது, பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவருவது, ஒரு வாரத்துக்கு இட்லி மாவு கொடுத்தனுப்புவது. நாற்பதாம் நாளுக்கு அப்புறமும் போன் செய்யுங்கள். எல்லாரும் நிறுத்திவிடுவது அப்போதுதான்.

இன்று ராத்திரி வாசிக்க ஒரு இடம் சொல்லுங்கள்.

13ஆம் சங்கீதம். ஆறே வசனம். சத்தமாக வாசியுங்கள். "எதுவரைக்கும்" வரும் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, உங்கள் பிரச்சினையின் பேரைச் சொல்லுங்கள்: கடன், ரிப்போர்ட், மகன், எதுவானாலும். கடைசி இரண்டு வசனங்கள் இன்றைக்கு வாயில் வராவிட்டால், நாலாவது வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாளைக்கு மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கலாம்.